மவுஸுக்கு இங்கே வேலை இல்லை

(பல்கலைக்கழகக் கணினிக்கூடம். மெயில் பார்க்கும் வலைப்பக்கம் காலையிலிருந்து திறக்கவில்லை. கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'அவசர மெயில் இருப்பவர்கள் டெர்மினல் வழியாக அனுப்பிக்கொள்ளலாம்.' டெர்மினல் என்றால் என்ன என்று தாளில் இல்லை. தாள் ஒட்டுகிறவர்கள் அதையெல்லாம் எழுதுவதில்லை. ஆய்வு மாணவர் முகில் அந்த டெர்மினலை, அதாவது எழுத்தை அடித்தே கட்டளை கொடுக்க வேண்டிய ஒரு கறுப்புத் திரையை, முறைத்துக்கொண்டிருக்கிறார். கூடத்தின் பொறுப்பாளர் ராஜேஸ்வரி அக்கா சாவிக்கொத்தோடு வருகிறார்.)

முகில்: அக்கா, இந்த கீபோர்டு போய்விட்டது.

ராஜேஸ்வரி: போன வாரம்தானே மாற்றினோம். என்ன ஆச்சு?

முகில்: பாஸ்வேர்டு கேட்டது, அடித்தேன். ஒரு எழுத்துகூட விழவில்லை. சரி, புள்ளியாவது வர வேண்டுமே? அதுவும் இல்லை. ஆத்திரத்தில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். அதற்கும் அசையவில்லை.

ராஜேஸ்வரி: அசையாது தம்பி. இங்கே பாஸ்வேர்டு அடிக்கும்போது எதையும் காட்டாது. உன் பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டு என்டர் தட்டு.

(முகில் கண்ணை மூடுகிறார்.)

ராஜேஸ்வரி: நிஜமாகவே மூடுகிறாயே! திற. கேப்ஸ் லாக் எரிகிறதா பார். இதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு.

முகில்: உள்ளே போய்விட்டது! ஆனால் என் பேருக்குப் பக்கத்தில் டாலர் குறி நிற்கிறது. ஏதாவது கட்ட வேண்டுமா?

ராஜேஸ்வரி: ஒன்றும் கட்ட வேண்டாம். 'சொல்லு, கேட்கிறேன்' என்று அது காத்திருக்கிறது, அவ்வளவுதான். அல்பைன் என்று சின்ன எழுத்தில் அடி, மெயில் பார்க்கிற புரோகிராம் அது. நான் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன்.

(சாத்திவிட்டு வருவதற்குள்)

முகில்: அக்கா, இப்போது நிஜமாகவே உறைந்துவிட்டது.

ராஜேஸ்வரி: என்ன அழுத்தினாய்?

முகில்: எதையுமே அழுத்தவில்லை.

ராஜேஸ்வரி: இந்தக் கூடத்தில் யாரும் எதையும் அழுத்துவதே இல்லை. எல்லாம் தானாகவே நடக்கிறது. சொல்லு, எதை அழுத்தினாய்?

முகில்: கண்ட்ரோல் எஸ். இவ்வளவு கஷ்டப்பட்டு உள்ளே வந்திருக்கிறேன், ஒரு தடவை சேவ் செய்துகொள்ள வேண்டாமா?

ராஜேஸ்வரி: நல்ல பழக்கம்தான், இடம்தான் தப்பு. அந்தக் காலத்துக் கருவிகள் மெதுவானவை. எழுத்து வந்து குவிந்தால் தாங்காது. அதனால் 'நில்' என்று சொல்ல கண்ட்ரோல் எஸ், 'ஓடு' என்று சொல்ல கண்ட்ரோல் கியூ. கருவிகள் போய்ச் சேர்ந்துவிட்டன, கட்டளை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. கியூ அழுத்து.

(அழுத்துகிறார். அதுவரை தேங்கியிருந்ததெல்லாம் திரையில் கொட்டுகிறது.)

ராஜேஸ்வரி: (படிக்கிறார்) 'அசையேன்.' 'ஏய், அசையேன்.' 'உனக்கு என்னதான் வேண்டும்.' ஒவ்வொன்றுக்கும் கீழே, அப்படி ஒரு கட்டளை தனக்குத் தெரியாது என்று பதில் வேறு போட்டிருக்கிறது.

முகில்: அப்போது கேட்டுக்கொண்டேதான் இருந்ததா?

ராஜேஸ்வரி: வாயைத்தான் மூடியிருந்தது, காதை இல்லை. இனிமேல் அதைத் திட்டுவதாக இருந்தால் மனசுக்குள் திட்டு. சரி, அல்பைன் அடி.

(மெனு வருகிறது. முகில் 'கம்போஸ் மெசேஜ்' என்ற வரியின்மேல் விரலை வைத்து அழுத்துகிறார். நடக்காததால் இன்னும் அழுத்தி, கொஞ்சம் இழுத்தும் பார்க்கிறார்.)

ராஜேஸ்வரி: எவ்வளவு தேய்த்தாலும் அங்கே அழுக்குதான் போகும்.

முகில்: மவுஸ்?

ராஜேஸ்வரி: மவுஸுக்கு இங்கே வேலை இல்லை. தள்ளி வை, கை அதன்மேலேயே போகும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எழுத்து இருக்கிறது பார். சி என்றால் கடிதம் எழுத. ஐ என்றால் வந்த மெயில்களின் பட்டியல். எல் என்றால் ஃபோல்டர்கள். கியூ என்றால் வெளியே போக. எல்லாவற்றையும் விட முக்கியம், திரையின் அடியில் இருக்கிற இரண்டு வரி. இப்போது எதை அழுத்தலாம் என்று அங்கே எழுதியே வைத்திருக்கும்.

முகில்: யார் அக்கா இப்படியெல்லாம் கஷ்டமாகச் செய்துவைத்தது?

ராஜேஸ்வரி: கஷ்டமா? 1989-ல் சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் என்று இதை ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் பழகாத அலுவலக ஊழியர்கள் பயப்படாமல் மெயில் பார்க்கட்டும் என்றுதான். அதையே புதுப்பித்து 2007-ல் அல்பைன் என்று வெளியிட்டார்கள்.

முகில்: பயமுறுத்தாததே இப்படி என்றால், அதற்கு முன்னால் இருந்தது எப்படி இருந்திருக்கும்?

ராஜேஸ்வரி: பழைய யூனிக்ஸ் மெயிலில் ஒரு '&' குறியைக் காட்டிவிட்டு சும்மா நிற்கும். மெனுவும் கிடையாது, அடியில் இரண்டு வரியும் கிடையாது. தெரிந்தவன் பிழைத்தான்.

முகில்: (சி அழுத்தப் போனவர் நிற்கிறார்) ஒரு சந்தேகம். வலைப்பக்கம்தான் திறக்கவே இல்லையே. என் பழைய மெயிலெல்லாம் இங்கே எப்படி வந்தது?

ராஜேஸ்வரி: எங்கேயும் வரவில்லை, எங்கேயும் போகவும் இல்லை. எல்லாம் சர்வரில் இருக்கிறது. வலைப்பக்கம் ஒரு வாசல், இது இன்னொரு வாசல். அந்த வாசலில் பூட்டு மாட்டிக்கொண்டது என்பதற்காக வீட்டில் இருக்கிற சாமானா காணாமல் போகும்? மெயிலை அங்கேயே வைத்துவிட்டு எங்கிருந்தும் பார்க்கிற இந்த முறைக்கு ஐமேப் என்று பெயர். மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986-ல் உருவாக்கியது. பிறகு அவரும் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்தான் வேலை பார்த்தார். சரி, யாருக்கு அனுப்பணும்?

முகில்: கைடுக்கு. மூன்றாவது அத்தியாயம். இன்றைக்கு ஐந்து மணிக்குள் வரவில்லை என்றால் அடுத்த மாதம்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார்.

(முகில் முகவரி, தலைப்பு எல்லாம் அடிக்கிறார். கீழே இறங்கிக் கடிதம். 'மதிப்பிற்குரிய ஐயா' ஒரு வரி. 'வணக்கம்' ஒரு வரி. விஷயம் இரண்டு வரி. 'தங்கள் உண்மையுள்ள' ஒரு வரி. அதற்குக் கீழே பெயர், பதிவெண், துறை, தனித்தனி வரிகளில். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கூட இவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்ள மாட்டார்.)

முகில்: எப்படி இருக்கிறது?

ராஜேஸ்வரி: அழகாக இருக்கிறது. இனி கண்ட்ரோல் ஜே அழுத்தி ஃபைலைச் சேர். ஆனால் அதற்கு முன்னால்...

முகில்: அழுத்திவிட்டேன். ஐயோ! அக்கா! ஐயா, வணக்கம், அத்தியாயம், நான், என் பதிவெண் எல்லோரும் ஒரே வரியில் ஏறிவிட்டார்கள்!

ராஜேஸ்வரி: எதையும் தொடாதே. கண்ட்ரோல் யூ. இப்போதே.

(அழுத்துகிறார். எல்லோரும் அவரவர் வரிக்கு இறங்குகிறார்கள்.)

ராஜேஸ்வரி: அதற்கு முன்னால் கர்சரை மேலே தலைப்புப் பகுதிக்குக் கொண்டுபோ என்று சொல்ல வந்தேன். மேலே இருந்தால் ஜே என்பது ஃபைல் சேர்ப்பது. கடிதத்துக்குள் இருந்தால் அதே ஜே பத்தியைச் சீராக்குவது. நீ வரிக்கு வரி என்டர் தட்டியிருக்கிறாய், நடுவில் ஒரு வெற்று வரியும் விடவில்லை. அது எல்லாவற்றையும் ஒரே பத்தி என்று நினைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டது. கர்சர் நகரும்போது அந்த இரண்டு வரியும் மாறும், பார்த்துக்கொண்டே இரு.

முகில்: நான் மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா, கீபோர்டைப் பார்ப்பதா?

ராஜேஸ்வரி: என்னைப் பார்க்காதே, அது போதும். மேலே போ, ஜே அழுத்து, பிறகு கண்ட்ரோல் டி (T). ஃபைல்களின் பட்டியல் வரும்.

முகில்: வந்தது. ஆனால் அத்தியாயத்தைக் காணோமே.

ராஜேஸ்வரி: ஃபைல் எங்கே இருக்கிறது?

முகில்: (சட்டைப் பையைத் தட்டிக் காட்டி) பென்டிரைவில்.

ராஜேஸ்வரி: அது சட்டைப் பையில் இருக்கிறது.

முகில்: சொருகிவிட்டால் வருமா?

ராஜேஸ்வரி: அப்போதும் வராது. நீ இப்போது உட்கார்ந்திருப்பது இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. சர்வருக்குள் இருக்கிறாய், சர்வர் வேறு கட்டடத்தில் இருக்கிறது. உன் பென்டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஃபைலை அங்கே அனுப்ப வேண்டும். தள்ளு.

(திரையில் இன்னொரு ஜன்னல் திறந்து எஸ்சிபி என்று தொடங்கும் ஒரு வரியை மடமடவென்று அடிக்கிறார். ஃபைல் போய்விடுகிறது. இந்த வரியை முகிலுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து மணி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.)

முகில்: ஒரு ஃபைலை மெயிலில் வைக்க இத்தனை பாடா?

ராஜேஸ்வரி: ஆரம்பத்தில் மெயிலில் வெறும் எழுத்து மட்டும்தான் போகும். மைம் என்ற முறை வந்த பிறகுதான் படமும் ஒலியும் முறையாகப் போக ஆரம்பித்தன. 1992 மார்ச்சில் நத்தானியேல் போரன்ஸ்டீன் என்பவர் ஒரு படமும் ஒரு பாட்டும் சேர்த்து அனுப்பினார். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து பாடின பாட்டு.

முகில்: வாங்கினவர்கள் அதை முழுசாகக் கேட்டார்களா?

ராஜேஸ்வரி: உன் அத்தியாயத்தை உன் கைடு முழுசாகப் படிப்பாரா? பேசாமல் அனுப்பு.

முகில்: ஒரு நிமிஷம். அத்தியாயத் தலைப்பை இங்கே காப்பி செய்து அங்கே போட்டுவிட்டு... கண்ட்ரோல் சி...

ராஜேஸ்வரி: (மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்) கையை எடு!

முகில்: ஏன்?

ராஜேஸ்வரி: இங்கே கண்ட்ரோல் சி என்றால் காப்பி இல்லை, கடிதத்தையே கைவிடுவது. நல்ல வேளை, நிச்சயமாகவா என்று அடியில் கேட்கிறது. வேண்டாம் என்பதற்கு 'என்' (N) அழுத்து. இது வந்த காலத்தில் உன் கண்ட்ரோல் சி பழக்கத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

முகில்: ('என்' அழுத்திவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு) தலைப்பே வேண்டாம். அனுப்பிவிடலாம். எதை அழுத்த?

ராஜேஸ்வரி: அதைத்தான் அடியில் போட்டிருக்கிறதே. படி.

முகில்: சரி, படிக்கிறேன். படித்தபடியே அடித்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப அடித்தேன். ம்ஹூம்.

(ராஜேஸ்வரி குனிந்து பார்க்கிறார். துறையின் பெயருக்குக் கீழே ஒரு தொப்பிக் குறி (^), ஒரு எக்ஸ். அதற்குக் கீழே இன்னொரு தொப்பி, இன்னொரு எக்ஸ்.)

ராஜேஸ்வரி: தம்பி, இந்தத் தொப்பியை எங்கிருந்து எடுத்தாய்?

முகில்: ஆறாம் எண்ணுக்கு மேலே இருந்தது. ஷிப்ட் பிடித்துக்கொண்டு அடித்தேன். அடியில் அப்படித்தானே போட்டிருக்கிறது?

ராஜேஸ்வரி: அந்தத் தொப்பி என்றால் கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொள் என்று பொருள். நீ அதை எழுத்தாகவே எழுதிவிட்டாய். அந்த வரியில் நின்று கண்ட்ரோல் கே அழுத்து, வரியே போய்விடும். இன்னொன்றுக்கும் அப்படியே. இப்போது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எக்ஸ். அனுப்பவா என்று கேட்கும். ஒய்.

முகில்: 'மெசேஜ் சென்ட்' என்று வந்து மறைந்துவிட்டது! நீல டிக் எப்போது வரும்?

ராஜேஸ்வரி: வராது. அனுப்பியதற்கு ஒரு நகல் 'சென்ட்-மெயில்' ஃபோல்டரில் இருக்கும். படித்தாரா இல்லையா என்பது அவர் மனசாட்சிக்கு.

(பதில் வரும்வரை முகில் பட்டியலில் இருக்கும் பழைய சுற்றறிக்கைகளைக் களையெடுக்கிறார். டி (D), டி, டி. எதுவும் மறையவில்லை.)

முகில்: அழித்தேன், போகவில்லை. டி என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கின்றன.

ராஜேஸ்வரி: அது அடையாளம் மட்டும்தான். மனசு மாறினால் யூ அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். எக்ஸ் அழுத்தினால்தான் நிஜமாகப் போகும். வெறும் எக்ஸ், கண்ட்ரோல் இல்லாமல்.

முகில்: தொப்பி போட்ட எக்ஸ் அனுப்பும், தொப்பி போடாத எக்ஸ் அள்ளிக் கொட்டும்.

ராஜேஸ்வரி: அடடா, புரிந்துவிட்டதே! வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் எதையும்...

முகில்: அக்கா, ஒரு 'என்' (N), அதற்கு முன்னால் ஒரு பிளஸ். இது என்ன?

ராஜேஸ்வரி: 'என்' என்றால் புது மெயில். பிளஸ் என்றால் நேராக உன் பேருக்கே வந்தது. கைடாகத்தான் இருக்கும். டேப் தட்டினால் புது மெயிலுக்குத் தாவும், என்டர் தட்டித் திற.

முகில்: (படிக்கிறார்) 'அத்தியாயம் கிடைத்தது. நாளை வந்து பார்க்கவும்.' பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார் அக்கா! அதற்குக் கீழே... (நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறார்) கீழே ஒரு தொப்பி, ஒரு எக்ஸ். அடுத்த வரியில் தொப்பி, எக்ஸ். அதற்கடுத்த வரியில் ஒரு ஒய். அப்புறம் 'அனுப்பு' என்றே எழுதியிருக்கிறார். கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி.

ராஜேஸ்வரி: அவருக்கும் வலைப்பக்கம் திறக்கவில்லை, பாவம். அடியில் இருப்பதைப் படித்து, படித்தபடியே அடித்திருக்கிறார்.

முகில்: பதில் போடட்டுமா? 'ஐயா, தொப்பி என்றால் கண்ட்ரோல்' என்று மரியாதையாக ஒரு வரி.

ராஜேஸ்வரி: உன் ஆய்வேட்டில் கையெழுத்து போடப்போவது யார்?

முகில்: அவர்தான்.

ராஜேஸ்வரி: அப்புறம்?

முகில்: (ஆர் அழுத்தி அடிக்கிறார்) 'நன்றி ஐயா. நாளை வருகிறேன்.' பேர், பதிவெண், துறை. அதற்குக் கீழே ஒரு தொப்பி, ஒரு எக்ஸ்.

ராஜேஸ்வரி: அது எதற்கு இப்போது?

முகில்: இருக்கட்டும் அக்கா. முறையாகத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

(கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எக்ஸ் அழுத்துகிறார். ஒய்.)