டாங்கி வெடிப்பது ஆட்டோலோடரால் இல்லை, அண்ணே

"ஆட்டோலோடர் (குண்டைத் தானாக ஏற்றும் இயந்திரம்) வைத்த டாங்கி எல்லாம் நடமாடும் வெடிப் பெட்டி, அதனால்தான் நம்ம சிங்கப்பூர் ராணுவத்தின் லெப்பர்ட் 2-இல் ஆள் குண்டு ஏற்றுகிறார்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

சோவியத் டாங்கியான டி-72-இன் சிக்கல் அந்த இயந்திரம் அல்ல, வெடிமருந்து இருக்கும் இடம். பீரங்கியோடு சுழலும் மேல்பகுதியான கோபுரத்துக்கு நேர் கீழே, தரையோடு சுழலும் தட்டில் 22 குண்டுகள், அவற்றின் உந்துமருந்தோடு. போதாததற்கு மிச்சக் குண்டுகள் ஆட்களைச் சுற்றியே செருகியிருக்கும். தீப்பிடித்தால் கோபுரம் பறக்காமல் என்ன செய்யும்?

பிரான்சின் லெக்லர்க்கிலும் ஆட்டோலோடர்தான், அதிலும் 22 குண்டுகள். ஆனால் அவை கோபுரத்தின் பின்பகுதியில், தடுப்புக்கு அப்பால். வெடித்தால் மேல்தகடு திறந்து அழுத்தம் வெளியே போய்விடும்.

ஆள் ஏற்றும் லெப்பர்ட் 2-இல் மட்டும் என்ன வாழ்கிறது? 15 குண்டுகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. மற்ற 27-உம் ஓட்டுநர் பக்கத்தில், அப்படியொரு தகடு இல்லாமல்.

அப்புறம், நம் ராணுவம் முன்பு வைத்திருந்த ஏஎம்எக்ஸ்-13 டாங்கி மறந்துவிட்டதா? 6 குண்டு பிடிக்கும் இரண்டு உருளைகள், தானாக ஏற்றும், மூன்றே பேர். அந்த 12-உம் தீர்ந்தால் வெளியே இறங்கி நிரப்ப வேண்டும். ஆட்டோலோடரைக் குறை சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.