“அண்ணே, என்னை வேற கிளைக்கு மாத்துறாங்களா?”

போன மாதம் ஒரு தம்பி போனை நீட்டி இப்படித்தான் கேட்டான். மதுரைப் பக்கத்துப் பையன், இங்கே இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, வந்து 14 மாதம் ஆகிறது. மின்னஞ்சல் முழுக்க நன்றி, பாராட்டு, வாழ்த்து. நடுவில் ஒரே ஒரு வரி, நாம் “பார்ட் வேஸ்” செய்ய முடிவெடுத்திருக்கிறோம் என்று. வழி பிரிகிறது என்றால் வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கப்பா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

நான் இந்த நாட்டுக்கு வந்து 12 வருஷம் ஆகிறது, பெரும்பாலும் கிடங்குகளில்தான் வேலை. வெள்ளைக்காரர்கள் வேலையைப் பற்றித் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை டீ நேரத்தில் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொண்டேன். புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்துக்குள் “வாட் டு யூ டூ?” வந்துவிடும். அந்தக் கேள்வியில் வேலை என்ற சொல்லே கிடையாது, ஆனால் கேட்பது அதைத்தான். பதிலும் அப்படித்தான். நாம் டிரைவர் வேலை பார்க்கிறேன் என்போம், அவர்கள் “ஐயம் எ டிரைவர்” என்பார்கள். நமக்கு வேலை என்பது பார்ப்பது, போவது, கிடைப்பது, அவர்களுக்கு அதுவே ஆள். ஸ்மித், டெய்லர், பேக்கர், குக் என்று தொழிலே குடும்பப் பெயராகிப்போன ஊர் இது.

இத்தனைக்கும் “ஜாப்” என்பது ஒரு காலத்தில் மதிப்பான சொல்லே இல்லை. 1755-இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் அதைத் தாழ்ந்த சொல், இப்போது ரொம்பப் புழங்குகிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றுதான் குறித்து வைத்தார். அன்றைக்கு அதன் பொருள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் சில்லறை வேலை. அந்தச் சொல்தான் இன்றைக்கு ஒரு மனுஷனின் முழு மரியாதையையும் சுமக்கிறது.

வேலை இருக்கும்வரை இந்தப் பேச்சில் எனக்கு வருத்தம் இல்லை. போகும்போதுதான் பிரச்சினை. நம் ஊரில் வேலை போச்சு என்போம், போனது வேலை. அல்லது தூக்கிட்டாங்க என்போம், தூக்கியவர்கள் யாரோ இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் “ஐ லாஸ்ட் மை ஜாப்”, குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த மாதிரி, தொலைத்தவன் நான். “ஐ வாஸ் லெட் கோ” என்று இன்னொன்று. என்னமோ இவர் கிளம்பத் துடித்த மாதிரியும் அவர்கள் பிடித்த கையைப் பெரிய மனசோடு விட்டுவிட்ட மாதிரியும். கேட்டால் “பிட்வீன் ஜாப்ஸ்” என்பார்கள், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் நிற்கிறேன் என்று. அடுத்தது எங்கே, யாருக்குத் தெரியும்? கிடங்கில் பேசுகிற ஆங்கிலம் இதைவிட நேர்மையானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே “தே சேக்ட் மீ”, அவங்க என்னைத் தூக்கிட்டாங்க, என்று பட்டென்று சொல்வார்கள், யார் செய்தது என்று அதில் இருக்கிறது. வழவழப்பெல்லாம் ஆபீஸ் கடிதத்தில்தான் ஆரம்பிக்கும், அங்கிருந்து மெல்ல மெல்ல எல்லார் வாயிலும் ஏறிவிடும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், 22 வருஷம் ஃபோர்க்லிஃப்ட், அதாவது கிடங்கில் சுமை தூக்கும் வண்டி, ஓட்டினார். இரண்டு ஷிஃப்டை ஒன்றாக்கியபோது அவரை “ரிடண்டண்ட்” ஆக்கினார்கள். மிச்சம், தேவைக்கு மேல் என்று அர்த்தம். சட்டப்படி மிச்சமானது அந்தப் பணியிடம்தான், ஆள் இல்லை. ஆனால் பேச்சில் யாரும் என் பணியிடம் ரிடண்டண்ட் ஆனது என்று சொல்வதில்லை, நான் ரிடண்டண்ட் ஆனேன் என்றுதான் சொல்கிறார்கள். கடைசி நாள் அவர் தன் குவளையைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். “இட்ஸ் ஃபைன், குட் பி வர்ஸ்”, பரவாயில்லை, இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம், என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார், அவர் எனக்கு! ஆறு மாதம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது யாரோ “வாட் டு யூ டூ?” என்று கேட்க, “ஐயம் எ ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்” என்றார். அப்போதும் வேலை கிடைத்திருக்கவில்லை. அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை, வேறெப்படிச் சொல்வார்?

ஆனால் அவருக்கு ஒரு நல்லது நடந்தது. ரிடண்டண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் 1965-இல் வந்த ஒரு சட்டமும் அதன் வழியாக வந்த உரிமையும் நிற்கின்றன. ஒரே இடத்தில் 2 வருஷம் முடித்தவருக்கு வயதையும் பணிக்காலத்தையும் கணக்குப் பண்ணி, 20 வருஷம் வரைக்கும் சேர்த்து, நஷ்ட ஈடு தர வேண்டும். 41 வயசுக்கு மேல் வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம், அதற்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. அதாவது அந்தச் சொல் எவ்வளவு குத்தினாலும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது, பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். “லெட் கோ”, “பார்ட் வேஸ்” இவற்றுக்குச் சட்டத்தில் ஒரு பொருளும் கிடையாது. தப்பு செய்தாய் என்று நீக்கினார்களா, ஆள் குறைப்பா, நோட்டீஸ் உண்டா, ஒன்றும் தெரியாது. மென்மையாகச் சொல்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் அந்த மென்மை கடிதம் எழுதுகிறவருக்குத்தான் வசதி, வாங்குகிறவருக்கு இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. வேலை விசாவில் வந்தவர் தானே நின்றாலும் நீக்கப்பட்டாலும், ஸ்பான்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி, 10 வேலை நாளுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். அப்புறம் உள்துறையிலிருந்து கடிதம் வரும், பொதுவாக 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். இந்த நிலைமையில் உள்ளவனுக்கு, கிளை மாற்றமா வேலை நீக்கமா என்றே புரியாத மாதிரி ஒரு கடிதம் அனுப்புவதை நாகரிகம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. ஊரில் நேர்காணல் ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கிறோம், உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று மனப்பாடம் செய்கிறோம். வேலையை எடுக்கும்போது பேசுகிற ஆங்கிலத்தை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்தாக வேண்டும்.

அன்று ராத்திரி நானும் தம்பியும் உட்கார்ந்து பதில் எழுதினோம். நான்கே கேள்வி. என் கடைசி வேலை நாள் எது? என்ன காரணம்? நோட்டீஸ் காலச் சம்பளம் எவ்வளவு? எடுக்காத விடுப்புக்கு என்ன கணக்கு? மரியாதையாகத்தான் எழுதினோம், ஆனால் அவர்கள் சொன்ன “பார்ட் வேஸ்” எங்கேயும் வரவில்லை, “டிஸ்மிஸ்” என்று நேராகப் போட்டோம். அவனுக்குக் கை நடுங்கியது, கோபப்படுவாங்களா அண்ணே என்று இரண்டு தடவை கேட்டான். மூன்றாம் நாள் பதில் வந்தது: ஒப்பந்தப்படி 4 வாரச் சம்பளம், 9 நாள் விடுப்புப் பணம். முதல் கடிதத்தில் இதில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது வேறு இடங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். நேற்றுப் பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி, என்னப்பா வேலை பார்க்கிறாய் என்று கேட்டாராம். “ஐயம் எ கேரர், ஐயம் லுக்கிங் ஃபார் வொர்க்”, நான் பராமரிப்பாளர், வேலை தேடுகிறேன், என்று சொன்னேன் அண்ணே, சரிதானே என்று போன் போட்டுக் கேட்டான். சரிதான் என்றேன்.

லெஸ்டர் பக்கம் முதியோர் பராமரிப்பில் ஸ்பான்சர் செய்யும் இடம் யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், 60 நாளில் 23 போய்விட்டது.