எங்கள் வீட்டு 14 கிரெடிட்

இங்கே அமெரிக்காவில் டாக்டர் கனவோடு கல்லூரி சேரும் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் என்னென்ன பாடம் எடுக்க வேண்டும் என்று ஒரு அண்ணன் போட்ட எக்செல் ஷீட் எனக்கும் வந்தது. மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. போதாததற்கு என் வீட்டுக்காரரும் ஆபீசிலிருந்து அனுப்பி, "பாத்தியா?" என்று கேட்டிருந்தார். பார்த்தேன். மஞ்சள் கட்டம், பச்சைக் கட்டம், நடுவில் கொட்டை எழுத்தில் சிவப்பு. முதல் செமஸ்டருக்கு பயாலஜி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மூன்றுக்கும் லேப். அப்புறம் கால்குலஸ் 2. அதுவும் போதாமல் ஆராய்ச்சிக்கு 2 கிரெடிட் (கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடைக் கணக்கு). மொத்தம் 18. பிள்ளை சாப்பிட, தூங்க ஒரு கட்டம் இருக்கிறதா என்று கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

ஷீட்டோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதற்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அண்ணன் எழுதியதுதான் உங்களுக்கெல்லாம் தெரியுமே. "14 கிரெடிட்டா? டாக்டராகப் போற பிள்ளையோட டைம்டேபிள் மாதிரி தெரியலையே." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. பெயர் போடவில்லை, போடவும் தேவையில்லை. ஓரியண்டேஷன் முடித்து 14 கிரெடிட் பதிவு செய்துவிட்டு வந்த பிள்ளை நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் வட்டாரத்தில் ஒன்றுதான். அதைப் பெற்றவள் நான். அந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் பாதிப் பேர் போன மாதம்தான் என் வீட்டில் பிரியாணி சாப்பிட்டார்கள்.

குழுவில் பதில் சொல்லவில்லை. அங்கே சொன்னால் சண்டை ஆகும். இங்கே சொன்னாலும் ஆகும், ஆனால் இது என் சுவர்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். முதல் செமஸ்டருக்கு லேபோடு இரண்டு அறிவியல் பாடம் போதும். இரண்டு. என் மகள் எடுத்திருப்பது பயாலஜி 4, ஜெனரல் கெமிஸ்ட்ரி 4, சைக்காலஜி 3, எழுத்துப் பயிற்சி செமினார் 3. இதில் 'லைட்' எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டுங்கள். லேப் என்பது தாளில் ஒரு கிரெடிட், நிஜத்தில் ஒரு மதியம் முழுக்க. அதன் பிறகு ரிப்போர்ட் வேறு. முழு நேர மாணவர் என்பதற்கே 12 கிரெடிட் இருந்தால் போதும். 120 கிரெடிட்டை எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் 15 வருகிறது. அந்த ஒரு கிரெடிட்டுக்காகவா இத்தனை சிரிப்பு? ஹிஸ்டரி, கால்குலஸ், எகனாமிக்ஸ் மூன்றிலும் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) எழுதி 11 கிரெடிட் கையில் வைத்திருக்கிறாள். கணக்கு சரியாகத்தான் வருகிறது.

"ஏபி கெமிஸ்ட்ரியில 5க்கு 5 வாங்கிட்டு எதுக்கு மறுபடியும் ஜெனரல் கெமிஸ்ட்ரி?" இதையும் ஒருவர் கேட்டார். சில மெடிக்கல் ஸ்கூல்கள் ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை. சில ஏற்கும், ஆனால் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்துக்காட்டு என்று கேட்கும். எந்த மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்பதே கல்லூரிப் படிப்பு முடிகிற சமயத்தில்தான் தெரியப்போகும் விஷயம். தவிர, புது ஊர், புது ரூம்மேட், ஒரே ஹாலில் முன்னூறு பேரோடு பாடம். தெரிந்த பாடம் ஒன்று பக்கத்தில் இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

"சைக்காலஜி எதுக்கு, டைம்பாஸா?" அண்ணே, மெடிக்கல் ஸ்கூலுக்கான நுழைவுத் தேர்வு எம்கேட்டையே 2015ல் மாற்றிவிட்டார்கள். நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 132 வரை. அதில் ஒரு பகுதி பெரும்பாலும் சைக்காலஜியும் சோஷியாலஜியும். கிட்டத்தட்ட கால்வாசித் தேர்வை டைம்பாஸ் என்கிறீர்கள்.

இனி கொஞ்சம் சொந்தக் கதை. என் பெரியவனைத் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் ஒரு ஷீட் இருந்தது. எக்செல் கூட இல்லை, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய தாள். போட்டது நானும் அவன் அப்பாவும். 18 கிரெடிட். அவன் கல்லூரியின் அட்வைசர் "கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றாராம். அவருக்கு நம் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று நாங்கள் சிரித்தோம். ஆமாம், நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அக்டோபரில் கெமிஸ்ட்ரி மிட்டெர்மில் அவனுக்கு 54. எங்களுக்குத் தெரியாது. கல்லூரி சேர்ந்துவிட்டால் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் மதிப்பெண்ணைப் பெற்றோருக்குப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. ஃபீஸ் மட்டும் நம் பெயருக்கு வரும். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தான், அழுக்குத் துணி மூட்டையோடு. துணியை எல்லாம் துவைத்து மடித்துக் கொடுத்தேன். புத்தகப் பையை நான்கு நாளும் அவன் திறக்கவில்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், விளக்குப் போடாமல் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "பசிக்குதாடா?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. பாடத்தை விட்டுவிட்டு, கிரேடுக்குப் பதிலாக விலகியதற்கான 'டபிள்யூ' குறி வாங்கிக்கொள்ளும் கடைசித் தேதி அதற்குள் போயிருந்தது. அது அவனுக்குத் தெரியும். அப்படி ஒரு தேதி இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்த செமஸ்டர் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, 4க்கு 2.6. அதன் பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். 18 கிரெடிட்டில் 2.6 வாங்கிய பிள்ளை, 120 முடியும்போது 3.7க்கு வர வேண்டுமென்றால் மீதி 102 கிரெடிட்டிலும் சராசரி 3.89 வாங்க வேண்டும். ஏழு செமஸ்டர், கிட்டத்தட்ட எல்லாமே ஏ. இங்கே மெடிக்கல் ஸ்கூலில் சேருகிறவர்களின் சராசரியே 3.7க்கு மேலே. மறுபடி எடுத்து மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். கல்லூரி வேண்டுமானால் பழைய கிரேடை மறைத்துக் காட்டும். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தைக் கையாளும் ஆம்காஸ் மறைக்காது. பழையதையும் புதியதையும் சேர்த்தே கணக்கில் எடுக்கும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ வேறு போடும். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுத்திருந்தால் அதையும் தோண்டி எடுக்கும். அவசரமாக எடுத்த கெமிஸ்ட்ரிக்குக் கிடைத்த சி கடைசிவரை கூடவே வரும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், இரண்டு அறிவியல் போதும்.

"உங்க பையனால முடியலைங்கறதுக்காக எல்லாரையும் ஏன் பயமுறுத்தறீங்க?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஏற்கெனவே இன்பாக்ஸில் வந்துவிட்டது, இதைவிட மென்மையான வார்த்தைகளில், அதனால் இன்னும் வலிக்கிற மாதிரி. சரி, அவனால் முடியவில்லை. உங்கள் பிள்ளை முதல் வருடமே ஆர்கானிக் எடுத்து ஏ வாங்கினான், சந்தோஷம், நிஜமாகவே. அதை எங்கள் வீட்டுக்கும் அளவெடுத்த சட்டையாகத் தைத்து அனுப்பாதீர்கள்.

18 வரைக்கும் ஃபீஸ் ஒன்றுதானே, குறைத்து எடுத்தால் நஷ்டமில்லையா என்று ஒரு தம்பி கேட்டார். பல கல்லூரிகளில் அப்படித்தான். நியாயமான கேள்வி. கட்டுகிறவர்கள் நாங்கள், விட்டுவிடுங்கள்.

அப்புறம் மதுரையிலிருந்து என் தங்கச்சி. "அக்கா, பாப்பா மெடிக்கல் சேந்துட்டாளா?" இல்லடி, காலேஜ் சேந்திருக்கா. "அப்ப மெடிக்கல் எப்போ?" நாலு வருஷம் கழிச்சு. "அதுக்கப்புறம்?" இன்னும் நாலு வருஷம். அப்புறம் ரெசிடென்சி, அதான் ஆஸ்பத்திரில ட்ரெயினிங், மூணுலேர்ந்து ஏழு வருஷம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுக்கு இங்கயே நீட் எழுதியிருக்கலாமேக்கா!" அவளைக் குறை சொல்ல மாட்டேன். ப்ளஸ் டூ, நீட், சீட் கிடைத்தால் ஐந்தரை வருடத்தில் எம்பிபிஎஸ். அங்கே வாசல் ஒரே ஒரு நாளில் திறக்கிறது அல்லது மூடுகிறது, அந்தப் பதற்றம் எனக்குப் புரியும். நானே அந்தப் பதற்றத்தில் வளர்ந்தவள். ஆனால் இங்கே வாசல் அப்படி இல்லை. மெடிக்கல் சேர 'பிரீ-மெட்' என்று ஒரு பட்டம் வாங்கத் தேவையில்லை. இசை படித்துவிட்டும் தேவையான அறிவியல் பாடங்களை முடித்து விண்ணப்பிக்கலாம். பட்டம் முடித்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆஸ்பத்திரியிலோ லேபிலோ வேலை பார்த்துவிட்டுச் சேருகிறவர்கள் ஏராளம். மதுரையின் அவசரத்தை நியூ ஜெர்சிக்கு சூட்கேசில் கொண்டுவந்தவர்கள் நாம்தான். பிள்ளைகள் கேட்கவில்லை.

டாக்டர் ஆவதைப் பற்றிக்கூட நான் இப்போது பேசவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பதினெட்டு வயதுப் பெண் தானே உட்கார்ந்து, அட்வைசரோடு பேசி, நாலு பாடம் தேர்ந்தெடுத்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் காட்டினாள். நான் 'நல்லாயிருக்கு' என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் பிடித்தது. நீங்கள் ஒரு சிரிப்புப் பொம்மையில் முடித்துவிட்டீர்கள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள், தெரியுமா? பிக்னிக் படங்களுக்காக நான்தான் சேர்த்துவிட்டேன்.

பெரியவனைக் கேட்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறான். ஒரு நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் வேலை. தண்ணீரில் குளோரின் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று தினமும் சோதிக்கிறான். ஆமாம், கெமிஸ்ட்ரிதான். நேற்று ஷீட்டை அவனுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. தங்கைக்கு மட்டும் தன் பழைய லேப் கண்ணாடியைத் தபாலில் அனுப்பியிருக்கிறான், பட்டையில் மார்க்கரால் எழுதிய அவன் பெயரோடு. அவள் அதை அழிக்காமல் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் அந்த ஷீட்டுக்கு இரண்டாம் பதிப்பு போடுவதாக இருந்தால் என் எண்ணுக்கு மட்டும் அனுப்பாமல் விட்டுவிடட்டும்.