சூடு பார்த்த பேப்பர்

(ஈரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் வாசல். மாலை ஆறே கால். பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு ஏழேகால் வரை வெளியே தவம் கிடக்கும் பெற்றோர் கூட்டத்தில் வசந்தியும் ஒருத்தி. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். ஒரு நாளில் அவளை யாரும் கூப்பிடாத நேரம் இந்த ஒரு மணி நேரம்தான். எதிரே வேப்பமரத்தடியில் ராசு அண்ணனின் தேய்ப்பு வண்டி. வசந்தி ஸ்கூட்டியில் உட்கார்ந்து, தலையை இடது தோளில் சாய்த்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

ராசு: ஏனுங்க அம்மணி, கழுத்துச் சுளுக்குங்களா? மூணு நாளாக ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறீர்கள்.

வசந்தி: சுளுக்கு இல்லைங்கண்ணா. வேட்பாளர்களோட பிரமாணப் பத்திரம் படிக்கிறேன். ஸ்கேன் எடுத்தவர் பக்கத்தைப் படுக்கவைத்து எடுத்திருக்கிறார்.

ராசு: போனைத் திருப்பிப் பிடியுங்களேன்.

வசந்தி: திருப்பினால் அதுவும் கூடவே திரும்பிக்கொள்கிறது. போனோடு மல்லுக்கட்டுவதற்குக் கழுத்தைச் சாய்ப்பது சுலபம்.

ராசு: ராத்திரியும் இப்படித்தானா?

வசந்தி: ராத்திரி சௌகரியம். ஒருக்களித்துப் படுத்தால் எழுத்து நேராக வந்துவிடும். எழுத்து நேரானதும் தூக்கம் வந்துவிடும். மூணு ராத்திரியில் ஆறு பேரைத்தான் முடித்திருக்கிறேன்.

ராசு: திடீரென்று எதற்குங்க இந்தப் படிப்பு?

வசந்தி: எல்லாம் பையனால்தான். போன சட்டமன்றத் தேர்தலில் பூத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் விரலில் மையைப் பார்த்துவிட்டு, யாருக்கும்மா போட்டே என்றான். ஓட்டு ரகசியம் கண்ணு, சொல்லக்கூடாது என்றேன். சரி, ஏன் போட்டேன்னாவது சொல்லு என்றான். அதுவும் ரகசியம் என்றேன். ‘ரகசியம்னா உனக்கே தெரியாதாம்மா?’ என்று கேட்டுவிட்டான்.

ராசு: அடேங்கப்பா. எந்தக் கிளாஸ்?

வசந்தி: அப்போது ஒண்ணாவது. இப்போது ஆறாவது. இந்தத் தடவை என்ன கேட்பானோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் படித்துவிட்டுப் போகலாம் என்று.

ராசு: படிக்க நேரம்?

வசந்தி: காலையில் குக்கர் விசில்தான் கணக்கு. மூணு விசிலுக்கு அசையும் சொத்து. அஞ்சு விசிலுக்கு அசையாச் சொத்து. துவரம்பருப்பு வேகாத நாளில் வழக்குகள் வரைக்கும் போய்விடுவேன்.

(ராசு பெட்டியில் புதுக் கரி போட்டு, விசிறி, சாம்பலை ஊதுகிறார்.)

ராசு: அந்தப் பத்திரத்தில் அப்படி என்னதாங்க இருக்கிறது?

வசந்தி: என்ன இல்லை என்று கேளுங்கள். கையில் ரொக்கம் எவ்வளவு, பேங்கில் எவ்வளவு, நகை எத்தனை கிராம், மனைவி பேரில் என்ன, கடன் எவ்வளவு, அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்கு, படிப்பு, வழக்கு, எல்லாம். படிவம் 26 என்று பேர். ஓட்டுப் போடுகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வந்தது.

ராசு: கோர்ட்டு சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பொண்ணு கொடுப்பதற்கு முன்னால் இதைவிட அதிகம் விசாரிப்போமுங்க.

வசந்தி: பொண்ணு வீட்டுக்காரர்கள் யாராவது ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வருவார்களா? இதில் பக்கத்துக்குப் பக்கம் ‘இல்லை’தான். முன்னால் கட்டத்தைக் காலியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். காலியாக விடக்கூடாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. இப்போது ஒழுங்காக நிரப்புகிறார்கள். வாகனம் இல்லை, வீடு இல்லை, நிலம் இல்லை, நகை இல்லை. படிக்கப் படிக்க எனக்கு மனசு இளகிவிடுகிறதுங்கண்ணா. நம் வீட்டிலிருந்து ஒரு படி அரிசி கொடுத்து அனுப்பலாமா என்று தோன்றுகிறது.

ராசு: வேட்டி சட்டை எத்தனை என்று அதில் எழுதச் சொல்கிறார்களா?

வசந்தி: துணியெல்லாம் கேட்பதில்லை.

ராசு: அப்புறம் என்னங்க பெரிய சொத்துக் கணக்கு? என்னிடம் கேளுங்கள். தேர்தல் வந்துவிட்டால் எனக்கு வெள்ளைதான் வேலை. கஞ்சி போட்ட வேட்டி ஒன்றைத் தேய்க்கிற நேரத்தில் மூணு கலர் சட்டை தேய்த்துவிடலாம். ஒரு கட்சிக்காரர், பேர் வேண்டாம், பதினைந்து வருஷ வாடிக்கை. வேட்டி மாறாது, கரை மட்டும் மாறும். இதுவரைக்கும் நாலு கரை பார்த்துவிட்டேன். இடுப்பு மட்டும் அதே இடுப்பு, வருஷத்துக்கு ஓர் அங்குலம் கூடிக்கொண்டு.

வசந்தி: இப்போது என்ன கரை?

ராசு: இந்த மாசம் கரையே இல்லாமல் வெறும் வெள்ளை வந்திருக்கிறது. இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை போல.

(சூடு பார்க்க ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்து ஓர் இழுப்பு இழுக்கிறார். மெல்லப் புகை.)

வசந்தி: ஐயோ அண்ணா, எடுங்கள், எடுங்கள்! அது வேட்பாளரோட வழக்கு விளம்பரம்!

ராசு: டெண்டர் அறிவிப்பு என்றல்லவா நினைத்தேன்?

வசந்தி: டெண்டருக்குக் கீழே பாருங்கள். குற்ற வழக்கு இருக்கிறவர்கள் அதைப் பேப்பரிலும் டிவியிலும் மூணு தடவை போட வேண்டும். பிரச்சாரம் முடிவதற்குள், விட்டு விட்டு மூணு தடவை. நிறுத்திய கட்சியும் வெளியிட வேண்டும். வழக்கு இல்லாத ஆள் கிடைக்கவில்லையா, ஏன் இவரை நிறுத்தினோம் என்று காரணம் சொல்ல வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பதை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடாது என்று 2020-இல் தீர்ப்பு.

ராசு: அதாவது உண்மையைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

வசந்தி: கொடுங்கள் இப்படி. (வாங்கிப் பார்க்கிறாள்.) அட, இது ஈரோடு மேற்கு. நான் படிக்கிறது கிழக்கு. நமக்குத் தேவையில்லை. இந்தாங்க, நன்றாகத் தேயுங்கள்.

ராசு: நீங்கள் சொன்னால் சரிங்க. (தேய்க்கிறார். பெட்டியின் மூக்கு அளவுக்குப் பழுப்பாகப் பொசுங்குகிறது.) இப்போது சூடு சரியாக இருக்கிறது.

வசந்தி: நீங்கள் இதெல்லாம் படிப்பதில்லையா?

ராசு: எனக்கு ஓட்டு மொடக்குறிச்சியில். பிழைப்புதான் இங்கே. படிக்கிற ஆசை எனக்கு 1996-லேயே தீர்ந்துவிட்டதுங்க.

வசந்தி: ஏன்?

ராசு: அந்த வருஷம் எங்கள் தொகுதியில் எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? 1,033 பேர்.

வசந்தி: ஆயிரத்து...

ராசு: முப்பத்து மூணு. விவசாயிகளுக்குக் கோபம். எங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று ஆளாளுக்குப் போய் மனுப் போட்டுவிட்டார்கள். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். ஓர் ஆட்டுக்குட்டி விற்றால் சட்டமன்றத்துக்கு நின்றுவிடலாம். தேர்தலையே தள்ளிவைத்துத்தான் நடத்தினார்கள். மெஷின் கிடையாது, சீட்டுதான். அத்தனை பேரையும் ஒரு சீட்டில் எப்படி அடிப்பது? புத்தகமாக அடித்துவிட்டார்கள்.

வசந்தி: ஓட்டுச்சீட்டு புத்தகமா!

ராசு: கையில் கனமாக இருக்குமுங்க. நான் இளவட்டம், எப்படியோ புரட்டித் தேடி முத்திரையைக் குத்திவிட்டேன். எங்கள் ஆத்தாதான் உள்ளே போனது போனதுதான். அரை மணி நேரமாக வரவில்லை. வரிசையில் இருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள். எட்டிப் பார்த்தால் அதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கிறது. ‘ஐயா, இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துவிட்டு நாளைக்குக் கொண்டுவந்து தரட்டுமா?’

வசந்தி: (சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்) ஆத்தாதானுங்கண்ணா சரியான வாக்காளர்.

ராசு: எழுதப் படிக்கத் தெரியாது அதுக்கு. ரிசல்ட்டைப் பார்த்தால், நின்றதில் பல பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. அவரவர் ஓட்டுகூட விழவில்லை.

வசந்தி: தனக்குத் தானேகூடவா போட்டுக்கொள்ள மாட்டார்கள்?

ராசு: போடத்தான் போயிருப்பார்கள். புத்தகத்தில் தன் பேரைத் தேடிக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள்.

வசந்தி: இப்போது 10,000. ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கவில்லை என்றால் அதுவும் போய்விடும்.

ராசு: அப்படியும் குறையவில்லைங்க. இதே ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் 77 பேர். ஒரு மெஷினில் பதினாறு பட்டன்தானே? அஞ்சு மெஷினை வரிசையாக வைத்திருந்தார்கள். ஓட்டுப் போடப் போனவர்கள், பாத்திரக் கடைக்குள் நுழைந்த மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துக்கொண்டே நடந்தார்களாம். திரும்பவும் 2025-இல் ஓர் இடைத்தேர்தல். இந்தத் தெருக்காரர்கள் எல்லாம் பழுத்த அனுபவசாலிகள். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்குமே, எத்தனை மெஷின் வைத்தாலும் சமாளித்துவிடுவீர்கள்.

வசந்தி: நாங்கள் அப்போது இங்கே இல்லைங்கண்ணா. சித்தோட்டில் இருந்தோம். போன ஜூனில்தானே பையன் பள்ளிக்கூடத்துக்காக இந்தப் பக்கம் வீடு மாறினோம்.

(ராசு தேய்ப்பதை நிறுத்துகிறார். பெட்டியைக் கல்லின் மேல் வைக்கிறார்.)

ராசு: அம்மணி, ஒன்று கேட்கட்டுங்களா? நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்த எஸ்.ஐ.ஆர். என்று ஒரு ஃபாரம் கொடுத்தார்களே, உங்களுக்கு எங்கே வந்தது?

வசந்தி: பழைய வீட்டுக்குத்தான். ஓனர் அம்மா போன் பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். லிஸ்டில் பேர் இருந்ததா என்று பார்த்தேன், இருந்தது. அப்பாடா என்று...

ராசு: எந்த லிஸ்டில்?

வசந்தி: சித்தோடு... லிஸ்டில்.

ராசு: அதற்கப்புறம் முகவரி மாற்றினீர்களா?

வசந்தி: படிவம் 8 போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஜனவரியில் போடலாம் என்று பார்த்தேன். பொங்கல் வந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் எரிமலை செய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். எரிமலை முடிந்ததும் சூரியக் குடும்பம். சனிக்கு வளையம் நிற்கவில்லை... இருங்கள் அண்ணா, பார்த்துவிடுகிறேன்.

(தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டுகிறாள். கட்டத்துக்குள் கோணலாக இருக்கும் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்கிறது. முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவையும் தப்பு. மூன்றாவது தடவை சுற்றிச் சுற்றி வந்து திறக்கிறது. பாக எண், வரிசை எண், பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாம் கணீரென்று இருக்கின்றன. முதன்முறையாக ஒரு பக்கம் நேராகத் தெரிகிறது. வசந்தி கழுத்தை நிமிர்த்துகிறாள்.)

ராசு: என்ன போட்டிருக்கிறது?

வசந்தி: ஈரோடு மேற்கு.

ராசு: ...

வசந்தி: மூணு ராத்திரிங்கண்ணா! ஆறு பேர்! அவர்கள் வீட்டு நகைக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஒருத்தருக்கு 2014-இல் வாங்கிய டிராக்டர் கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள், சொல்கிறேன்.

ராசு: இப்போது படிவம் போட்டால் மாற்றிக் கொடுக்க மாட்டார்களா?

வசந்தி: வேட்பு மனு முடிந்தாகிவிட்டது. இந்தத் தேர்தலுக்கு இனி ஆகாது. சித்தோட்டுக்குப் போய்த்தான் போட வேண்டும். மேற்கில் யார் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. நாளைக்குத் துவரம்பருப்புகூடக் கிடையாது, ரசம்தான். ஒரு விசில்கூட வராது.

ராசு: மனசை விடாதீர்கள். கொஞ்சம் முன்னால் ஒரு மேற்கு பார்த்தோமே.

வசந்தி: அட ஆமாம்! அந்தப் பேப்பர் எங்கே?

ராசு: (தலையைச் சொறிகிறார்) அதில்தான் உங்கள் பையன் யூனிஃபார்மைச் சுற்றி நூல் கட்டிவிட்டேன்.

(பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அரைக்கால் சட்டை நான்கு, வெள்ளைச் சட்டை நான்கு, டை ஒன்று. பேப்பரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள் வசந்தி. நடுவில் பெட்டியின் மூக்கு போலவே ஒரு பழுப்புத் தடம். அதன் நுனியில் ஓர் ஓட்டை.)

வசந்தி: முதல் வழக்கு தெரிகிறது. அனுமதியில்லாமல் ஊர்வலம். இரண்டாவதும் அதே மாதிரிதான். மூணாவது... குற்றச்சாட்டு என்ன என்கிற இடத்தில்தான் ஓட்டை. ‘நிலுவையில் உள்ளது’ மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ராசு: ஓட்டைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

வசந்தி: (கண்ணை வைத்துப் பார்க்கிறாள்) டியூஷன் சென்டர் கேட். பையன் வந்துகொண்டிருக்கிறான்.

ராசு: கவலைப்படாதீர்கள் அம்மணி. மூணு தடவை போட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அடுத்த தடவை வரும்போது நானே எடுத்து வைக்கிறேன். மேற்கு என்று எங்கே பார்த்தாலும் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக மாட்டேன்.

வசந்தி: அப்புறம் சூடு எதில் பார்ப்பீர்கள்?

ராசு: கிழக்கு இருக்கிறதுங்களே. நம் ரெண்டு பேருக்கும் அங்கே ஓட்டு இல்லை.