பெரியவர்களுக்கும் அலர்ஜி வரும்

“அலர்ஜி பிள்ளைங்களுக்குத்தான். பெரியவங்களுக்கு அரிச்சா ரத்தம் கெட்டுப்போச்சு, பேதிக்குச் சாப்பிட்டா போதும்” என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தப்பு அண்ணே. அமெரிக்காவில் 2021-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 31.8 விழுக்காட்டினருக்குப் பருவகால ஒவ்வாமை, எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு நோய், உணவு ஒவ்வாமை இவற்றில் ஒன்றாவது இருந்தது. இறால், நண்டு ஒவ்வாமை பலருக்கு வளர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

நம்ம மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ரப்பர் கையுறை போட்டு மருந்தடிக்கிறவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். சிலருக்குக் கையுறை முடிகிற இடத்தில் கோடு போட்டதுபோல் சிவந்து, தோல் வெடித்திருக்கும். ரத்தம் கெட்டிருந்தால் அது அந்தக் கோட்டோடு நிற்காது. ரப்பரில் சேர்க்கிற தையூரம் போன்ற ரசாயனங்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இப்படி ஆகும். தொட்டு ஒன்றிரண்டு நாள் கழித்தே தடிப்பதால் கையுறை மேல் சந்தேகமே வருவதில்லை. (அடிக்கிற மருந்தே நேராகத் தோலைப் புண்ணாக்குவதும் உண்டு, அது வேறு.)

சந்தேகப்படுகிற பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டிச் சோதித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். அரசாங்க கிளினிக்கில் தோல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பேதி மருந்து வேண்டாம். உதடு வீங்கி மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.