நகரங்கள் வீங்குவதற்கு ஏழைகள்தான் காரணமா?

"கிராமத்து ஏழைகள் கும்பலாக வந்து குவிவதால்தான் இந்திய நகரங்கள் வீங்குகின்றன" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

2001இல் 28.6 கோடியாக இருந்த நகர மக்கள்தொகை 2011இல் 37.7 கோடி ஆனது உண்மைதான். ஆனால் அந்த 9 கோடிச் சொச்சத்தில் கிராமத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் சுமார் நாலில் ஒரு பங்குதான். இருப்பதிலேயே பெரிய பங்கு, நகரத்திலேயே இறப்பைவிடப் பிறப்பு அதிகமாக இருந்ததால் வந்தது. அப்புறம், யாருமே இடம் மாறாமல் ஊர்களே நகரக் கணக்கில் சேர்ந்த கதை: மக்கள்தொகை 5,000 தாண்டி, வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேராவது விவசாயம் அல்லாத வேலைக்குப் போய், ஜன நெருக்கடியும் இருந்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊர் 'கணக்கெடுப்பு நகரம்'. இப்படிப்பட்டவை பத்தே ஆண்டில் 1,362இலிருந்து 3,892 ஆகின. பலவற்றை இன்னமும் பஞ்சாயத்துதான் நிர்வகிக்கிறது, சாக்கடை வசதிகூட நகரத் தரத்தில் கிடையாது.

சரி, வறுமைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, நேர் எதிராக. நகரத்தில் நிலைகொள்ள அட்வான்ஸ், வாடகை, தெரிந்த ஆள் என்று எல்லாம் வேண்டும். பரம ஏழைக்கு அது கட்டுப்படியாகாது. ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து முன்பணக் கடனோடு தெலங்கானாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் செங்கல் சூளைக்கு வரும் குடும்பங்கள் மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுகின்றன. அவர்கள் மேல் பழி போடுவது அநியாயம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து பரப்பாதீர்கள்.