டப்பா இருக்கு, டிஸ்க் எங்கே?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போச்சு. போகட்டும். பையன் பிறந்தநாளுக்கு வீடியோ கேம் வாங்கினால் டப்பாவாகத்தான் வாங்குவேன் என்று வீம்பு பிடித்தது நான்தான்.

பையன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்துத் திறந்தான். உள்ளே டிஸ்க் இல்லை. ஒரு அட்டை. பழைய ரீசார்ஜ் கூப்பன் மாதிரி, சுரண்டினால் கோட் வருமாம். கடைக்குப் போன் போட்டேன். "இப்ப எல்லாம் அப்படித்தான் சார், பின்னாடி போட்டிருக்கும் பாருங்க." பார்த்தேன். எறும்புதான் படிக்க முடியும்.

சரி என்று ரெண்டு ரூபாய்க் காசால் சுரண்டினேன். கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல, நடுவில் ஒரு எழுத்து பாதி காணோம். அது எட்டா, பி-யா? பையன் எட்டு என்றான். மனைவி பி என்றாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று என்றார். மூன்றும் தவறு. நாலாவதாக நான் ஆறு போட்டேன். 'பல முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வரவும்' என்றது. தாலுகா ஆபீஸே தேவலை. ராத்திரி பத்து மணிக்கு மறுபடி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பி சரிதான்; கடைசியில் இருந்த சைபர்தான் சைபர் இல்லை, ஓ. அதை மனைவி இன்னும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் 90 ஜிபி டவுன்லோட். இதே எஸ்.பி. ரோட்டில் 700 எம்பி சிடியில் முழு கேமையும் வாங்கி வந்தவன் நான். அதை மச்சான் பையனுக்கு இரவல் கொடுக்கலாம். திரும்பி வராது, அது வேறு விஷயம். இந்த அட்டையில் இருக்கும் கோட்-ஐ ஒருமுறை போட்டால் அதோடு சரி, யாருக்கும் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே வந்திருக்கிறது: டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்கு' என்று பட்டன் வைத்தால், கிடைப்பது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். நமக்கு எறும்பு எழுத்து.

41 சதவீதத்தில் கரண்ட் போச்சு. காலையில் ஒருவழியாக முடிந்து, கேமைத் திறந்தால், 'புதிய அப்டேட், 22 ஜிபி.'

மாமனார் அந்தக் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்ள, இதுல நான் மாத்திரை போட்டு வெச்சுக்கட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. கீழே தர்ஷினிக்கு, அதான் நின்றுகொண்டே சாப்பிடும் பெங்களூரு ஓட்டலுக்கு, போய் இட்லி சொன்னேன். சாம்பாரில் வெல்லம். பதினோரு வருஷமாகக் கேட்கிறேன், சாம்பாரில் வெல்லம் எதுக்குய்யா?